மனசு எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்: மனக்கவனம் பழக நினைப்பவர்களுக்கு

மனக்கவனப் பயிற்சி என்றதும் பலரும் முதலில் கேட்பது, "மனசை எப்படி நிறுத்துறது?" என்றுதான். நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் முடியாது. இந்த நிமிடம் மனசு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், எங்காவது போயிருந்தால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. தினமும் கொஞ்ச நேரம் இதைச் செய்தால் சந்தோஷம் கூடுமா என்றால், கூடும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஆனால் எந்த வழியில் கூடும், இதால் எது ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி சொல்லி ஆசை காட்டினால் இரண்டாவது வாரமே விட்டுவிடுவீர்கள்.

2010-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் ஒரு செல்போன் செயலி வழியாக 2,250 பேரிடம் நாளின் பல நேரங்களில் திடீர் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா வேறெங்காவது இருக்கிறதா, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு வேறெங்கோ இருந்தது. அப்படிப் போயிருந்த நேரங்களில் சந்தோஷமும் குறைவாக இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையிலிருக்கிற வேலையில் இருந்தவர்களைவிடக் கூடுதல் சந்தோஷமாக இல்லை. என்ன வேலை செய்கிறோம் என்பதைவிட மனசு அங்கே இருக்கிறதா என்பதுதான் சந்தோஷத்தை அதிகம் பாதித்தது. எனக்கு இது பெரிய ஆறுதல். சந்தோஷப்பட வேறு வேலை, வேறு ஊர், வேறு வாழ்க்கை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று ஆகிறதே.

பயிற்சி பழையது, புத்தர் காலத்திலிருந்து வருவது. அதை மதச் சடங்கு இல்லாமல் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபட்-ஜின். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காக ஆரம்பித்தார், இன்று அது 8 வாரப் பயிற்சியாக நடக்கிறது. நானும் அந்த 8 வாரக் கணக்கையே வைத்துக்கொண்டு, நம் ராமநாதபுரக் கரைக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். நம்பிக்கை எதையும் இது கேட்பதில்லை. கீழக்கரையில் ஐந்து வேளை தொழுகிறவர், தங்கச்சிமடத்தில் சர்ச் பூசைக்குப் போகிறவர், ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகுகிறவர், யார் வேண்டுமானாலும் அவரவர் வழக்கத்தை விடாமல் இதைச் செய்யலாம்.

ஆரம்பிக்கும் முன்

முதலில் ஐந்து நிமிடம் போதும். எந்த நேரம் என்பதைவிட எதற்கு அப்புறம் என்று முடிவு செய்துகொள்வது முக்கியம். பல் தேய்த்ததும், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்ததும், விடியற்காலை பஜ்ர் தொழுகை முடித்ததும் என்று ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு ஒட்டிவிட்டால் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு எழுந்திருக்கிற நேரமே நாளுக்கு நாள் மாறும், அதனால் உங்களுக்குக் கடிகாரம் ஒத்துவராது. ஒரே ஒரு கண்டிப்பு: போனைத் தொடுவதற்கு முன்னால் உட்காருங்கள். ஒரு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்துவிட்டால் மனசு பத்து வீட்டுப் பஞ்சாயத்துக்குப் போய்விடும், அதற்குப் பிறகு மூச்சைப் பார்ப்பது இரண்டு மடங்கு கஷ்டம்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். 8 வாரம் என்பது 56 நாள். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருக்கிற, வருமானம் இல்லாமல் மனசு ரொம்ப அலைகிற காலமும் அதுதான். தொடங்க அதைவிடப் பொருத்தமான நேரம் எனக்குத் தோன்றவில்லை.

சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று இல்லை. நாற்காலி, திண்ணை, கரையில் ஏற்றி வைத்த வத்தையின் விளிம்பு, எதுவும் சரி. முதுகு நிமிர்ந்து இருக்கட்டும், தோள் தளர்ந்து இருக்கட்டும். கண்ணை மூடலாம், மூடப் பிடிக்காவிட்டால் நாலடி தூரத்துத் தரையைப் பார்க்கலாம்.

அமைதியான இடம் கிடைக்கவில்லை என்பார்கள். நம் ஊர்களில் கிடைக்கவும் கிடைக்காது. இஞ்சின் சத்தம், கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, சர்ச் மணி, மீன் குடலுக்குச் சண்டை போடும் காக்கைகள் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். சத்தம் வந்தால் அதைச் சத்தமாக மட்டும் கேளுங்கள், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று. யார் இப்படி வைத்தது, எத்தனை தடவை சொல்வது என்று மனசு வழக்குப் போட ஆரம்பித்தால் அதைக் கவனித்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

முதல் இரண்டு வாரம்: மூச்சு

உட்கார்ந்ததும் முதலில் கால் தரையில் படுவதை உணருங்கள். பிறகு மூச்சு உங்களுக்கு எங்கே நன்றாகத் தெரிகிறது என்று தேடுங்கள். சிலருக்கு மூக்கு நுனியில் உள்ளே போகும்போது குளிர்ச்சி, வெளியே வரும்போது லேசான சூடு. சிலருக்கு நெஞ்சு. பலருக்கு வயிறு ஏறி இறங்குவதுதான் சுலபமாகப் பிடிபடும். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள், நாளுக்கு ஒரு இடம் மாற்ற வேண்டாம். வெளியே விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண், ஒன்றிலிருந்து பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. நாலாவது எண்ணில் நேற்று ஏலத்தில் போன விலை ஞாபகம் வரும், அது அப்படியே கடனுக்குப் போகும், கடனிலிருந்து தங்கச்சி கல்யாணத்துக்குப் போகும். ஒரு கட்டத்தில் "அட, எண்ணுவதை விட்டுவிட்டோமே" என்று தெரியும். தெரிகிற அந்த இடத்தை ஆசான்கள் பலரும் பயிற்சியின் மையமாகச் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அங்கே உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். ஐந்து நிமிடத்தில் முப்பது தடவை போய், முப்பது தடவை திரும்பியிருந்தால் முப்பது தடவை பழகியிருக்கிறீர்கள்.

நம் பக்கத்தில் இதை ஒருமுறை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: மூச்சை அடக்கக் கூடாது. சங்கு குளித்தவர்கள், முத்துக் குளித்தவர்கள் பரம்பரை இது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இன்றைக்கும் மூச்சடக்கிப் பாசி எடுக்கிறார்கள். அதனால் மூச்சு என்றதுமே அடக்குவதுதான் திறமை என்று நமக்கு ஊறியிருக்கிறது. இங்கே மூச்சு எப்படிப் போகிறதோ அப்படியே விட்டுவிட்டுப் பார்க்க மட்டும் வேண்டும். சின்னதாக இருந்தால் சின்னது, தடுமாறினால் தடுமாற்றம். தலை கிறுகிறுத்தால் வலிந்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

இது கஷ்டமாக இருக்கிறதே என்று தோன்றினால், தாயுமானவர் சமாதி நம் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மதயானையை வசமாக்கி நடத்திவிடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கிற திறம்தான் அரிது என்று பாடியவர் அவர். அவரே அரிது என்றது நமக்கு முதல் வாரத்தில் கைகூடவில்லை என்று வருத்தப்படுவதில் நியாயம் இல்லை.

மூன்று, நான்காம் வாரம்: பெயர் சொல்லிப் பார்ப்பது

நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள். எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சை மட்டும் பாருங்கள். மனசு போகும்போது, எங்கே போனது என்று ஒரே சொல்லில் மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். "கணக்கு." "கவலை." "கோபம்." "பழசு." "ஆசை." சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள்.

எதற்குப் பெயர்? நம் கடற்காரர்களைப் பாருங்கள். யாரும் "இன்னைக்குக் காத்து மோசம்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதில்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். பெயர் தெரிந்ததும் எந்தக் கடல் கலங்கும், எந்தப் பக்கம் வலை விடலாம், எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. காற்றோடு யாரும் சண்டை போடுவதும் இல்லை. மனசு விஷயத்தில் மட்டும் "மனசே சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் மொத்தத்தையும் மூட்டை கட்டிவிடுகிறோம். அந்தச் சரியில்லாததைப் பிரித்துப் பார்த்தால் அதில் பாதி தூக்கமின்மையாக இருக்கும், கால்வாசி அண்ணன் பேசிய ஒரு வார்த்தையாக இருக்கும், மிச்சம் நாளைக்குக் கட்ட வேண்டிய குழுப் பணமாக இருக்கும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. தூக்கத்துக்குத் தூங்க வேண்டும், அண்ணனிடம் பேச வேண்டும், பணத்துக்கு யாரிடமாவது கேட்க வேண்டும்.

பெயர் சொல்லும்போது குரல் முக்கியம். மனதுக்குள் சொல்கிற குரலைத்தான் சொல்கிறேன். "கோபம்!" என்று அதட்டுவதும் இன்னொரு கோபம்தான். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரலில் சொல்லுங்கள். சரியான பெயர் எது என்று ஆராய வேண்டாம், தெரியாவிட்டால் "யோசனை" என்று சொல்லிவிட்டு வாருங்கள், அது போதும்.

சில நாள் கழித்து ஒன்று கவனிப்பீர்கள். ஒரே ஐந்தாறு பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்குத் தெரிந்த ஒரு மதினிக்கு எந்த நேரமும் "என்ன நினைப்பாங்க" என்பதுதான் வந்தது. அதைப் பெயராகவே வைத்துக்கொண்டார். சந்தையில் நிற்கும்போது, விசேஷ வீட்டில் உட்காரும்போது, "இந்தா வந்துட்டான் என்ன நெனப்பாங்க" என்று அவருக்கே தெரிய ஆரம்பித்தது. அந்த நினைப்பு வருவது நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பயந்து போகாமல் இருந்த இடங்களுக்கு இப்போது போகிறார்.

ஐந்து, ஆறாம் வாரம்: உடம்பு, கை வேலை

ராத்திரி பாயில் படுத்ததும் கால் விரலிலிருந்து தலை வரை ஒவ்வொரு இடமாகக் கவனத்தைக் கொண்டுபோங்கள். பாதம், கெண்டைக்கால், முட்டி, இடுப்பு என்று மெதுவாக. என்ன தெரிகிறதோ அது, ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை என்பது. நாள் முழுக்க வலை இழுத்த தோளும் குனிந்து கருவாடு புரட்டிய இடுப்பும் அப்போதுதான் வாய் திறக்கும். இடையில் தூங்கிவிட்டால் நல்லதுதான், தூங்குங்கள்.

பகலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை முழுக் கவனத்தோடு செய்யுங்கள். என் சிபாரிசு மீன் ஆய்வது. சாளையை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்ததும் அந்தக் குளிர்ச்சி, விரலுக்கும் மீனுக்கும் நடுவில் வழுக்குகிற அந்தப் பிசுபிசுப்பு. வாலிலிருந்து தலைப்பக்கம் கத்தியைக் கொண்டுபோகும்போது செதிள் தெறிக்கிற சத்தம், முன்னங்கையில் ஒட்டிக் காய்கிற ஒன்றிரண்டு செதிள். செவுளுக்குள் விரல் போகும்போது அந்தச் சிவப்பு புதுசா பழசா என்று கண் தானாகப் பார்க்கும், அந்தப் பார்வையையும் கவனியுங்கள். குடலை எடுத்துப் போட்டதும் பூனை வந்து காலில் உரசும். தண்ணீர் ஊற்றி அலசும்போது முதல் தண்ணீரின் நிறம், மூன்றாவது தண்ணீரின் நிறம். மனசு போகும், கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்ப வாருங்கள், விரல் பத்திரம். ஒரு கிலோ மீன் முடிவதற்குள் உங்களுக்குத் தியானம் என்ற பேச்சே தேவைப்படாது.

மீன் வேண்டாம் என்கிறவர்கள் பாத்திரம் தேய்ப்பது, கோலம் போடுவது, வண்டி துடைப்பது எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். 8 வாரப் பயிற்சியில் ஒரு உலர்திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மென்று சாப்பிடச் சொல்வார்கள். நாம் பனங்கற்கண்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் முனை மழுங்கும், அப்புறம்தான் அந்தப் புகை வாசம் கலந்த இனிப்பு வரும். கரைந்து முடியும்வரை வேறு எதுவும் செய்யாதீர்கள்.

ஏழு, எட்டாம் வாரம்: நல்லது நடக்கும்போது அங்கே இருப்பது

சந்தோஷத்துக்காகத் தொடங்குகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 2014-ல் 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு மருத்துவ அலசல் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி இவற்றை மனக்கவனப் பயிற்சி ஓரளவு குறைக்கிறது என்பதற்கு நடுத்தரமான ஆதாரம் இருந்தது. ஆனால் நல்ல மனநிலையைக் கூட்டுகிறது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. என் புரிதல் இதுதான்: பயிற்சி பாரத்தைக் குறைக்கும், ஆனால் குறைந்த இடத்தில் சந்தோஷம் தானாக வந்து உட்காராது. அது வரும்போது நாம் வீட்டில் இருக்கிறோமா என்பதைத் தனியாகப் பழக வேண்டும்.

செய்முறை சின்னது. நாளில் மூன்று தடவை, ஏதாவது இதமாக நடக்கும்போது, அதிலேயே மூன்று மூச்சு நேரம் நில்லுங்கள். மத்தியான வெயிலில் நடந்து வந்தபிறகு பானைத் தண்ணீரின் முதல் மடக்கு. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் தோளில் சாய்கிற கனம். அரியமான் கரையில் காய்ந்த மணலிலிருந்து ஈர மணலுக்குக் கால் மாறுகிற இடம். போட்டோ எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், உடம்பில் அது எங்கே தெரிகிறது என்று மட்டும் பாருங்கள். இதோடு தினமும் ஒருவருக்கு மனதுக்குள் நல்லது நினைக்கிற பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் உங்களுக்குப் பிரியமானவர், பிறகு உங்களுக்கே, பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். "நல்லா இருக்கட்டும்" என்ற இரண்டு வார்த்தை போதும். ஆகாதவர்களிடம் கடைசியாகப் போகலாம், அவசரம் இல்லை.

படகு திரும்பாத ராத்திரி

இதைப் பற்றிப் பேசாமல் நம் கரையில் மனக்கவனம் சொல்லித்தர எனக்கு மனசு வராது. போன் போகவில்லை, மற்ற படகுகள் வந்துவிட்டன, எல்லைப் பக்கம் ஏதோ நடந்தது என்று யாரோ சொல்கிறார்கள். அந்த நேரத்தில் மூச்சைப் பார் என்று சொல்வது கொடுமை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்: கூடப் போனவர்களிடம் விசாரியுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள், 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 இந்தியக் கடலோரக் காவல்படை, இரண்டும் அவசர எண்கள், வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எல்லாம் செய்தாகிவிட்டது, இனி காத்திருப்பது மட்டும்தான் என்று வரும்போது, பாதம் இரண்டையும் தரையில் அழுத்துங்கள். கண்ணை மூட வேண்டாம். பயம் உடம்பில் எங்கே இருக்கிறது, தொண்டையிலா, வயிற்றிலா என்று பாருங்கள். "பயம்" என்று பெயர் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு இப்போது உறுதியாகத் தெரிந்தது என்ன என்று கேளுங்கள். போன் எடுக்கவில்லை என்பது தெரிந்தது. மற்றதெல்லாம் மனசு ஓட்டுகிற படம். படம் மறுபடி ஓடும், மறுபடி பாதத்துக்கு வாருங்கள். பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், தனியாக இதைச் செய்ய வேண்டாம்.

கடன், டீசல் விலை, படகு பிடிபடுவது இதெல்லாம் மனசுக்குள் இருக்கிற பிரச்சினை கிடையாது. வெளியே இருக்கிறது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். கோபப்படுகிறவரைப் பார்த்து "தியானம் பண்ணு" என்று சொல்லி வாயடைக்க இந்தப் பயிற்சியை யாராவது பயன்படுத்தினால் அது தப்பு.

யார் மருத்துவரிடம் முதலில் போக வேண்டும்

புயலிலோ 2004 சுனாமியிலோ கண்ணெதிரே ஆளை இழந்தவர்கள், கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்தக் காட்சியே திரும்ப வருகிறது என்றால், உட்கார்ந்து செய்வதை நிறுத்திவிடுங்கள். கண் திறந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனித்துக்கொண்டே நடப்பதோ மீன் ஆய்வதோ மட்டும் செய்யுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காதில் குரல் கேட்கிறது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு மருந்தாகாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்தவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கூட்டிவந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்த ஊர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிரார்த்தனை செய்யுங்கள், மூச்சைப் பாருங்கள், மருத்துவரிடமும் போங்கள்.

8 வாரம் முடிந்த பிறகு

நடுவில் நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போங்கள். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு செய்யுங்கள். கால் மரத்துப்போனால் மாற்றி உட்காருங்கள், தாங்கிக்கொள்வதில் புண்ணியம் ஏதும் இல்லை. சலிப்பு வந்தால் "சலிப்பு" என்று பெயர் சொல்லுங்கள்.

இதற்குமேல் ஆழமாகப் போக ஆசை வந்தால் பத்து நாள் விபாசனா தியான முகாம் இருக்கிறது. பர்மாவில் பிறந்து அங்கேயே கற்று, 1969-ல் இந்தியாவுக்கு வந்த கோயங்கா பரப்பிய முறை அது. சென்னைப் பக்கம் ஒரு மையம் உண்டு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கேட்பதில்லை, முடித்தவர்கள் விரும்பிக் கொடுக்கிற நன்கொடையில் நடக்கிறது. பத்தாம் நாள் காலை வரை பேசக் கூடாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள், காலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்போல உட்கார வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் நேராக அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன். வீட்டில் 8 வாரம் செய்து, ஒரே இருப்பில் அரைமணி நேரம் உட்காரப் பழகிக்கொண்டு, வீட்டிலும் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். மனநலச் சிகிச்சையில் இருந்தால் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள்.